பழுப்பு நிறம் சொல்லும் பிறப்பிடம்: மம்மாகுளோபின் எதிர்ப்பொருளும் வட ஆற்காட்டுத் திசுக்களும்

அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. வலி இல்லை. மார்பைத் தொட்டுப் பார்த்தால் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, மேமோகிராம் படத்திலும் தெளிவாக ஒன்றும் இல்லை. நெறியிலிருந்து ஊசி மூலம் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்த நோயியல் மருத்துவர், சுரப்பித் திசுவில் பிறந்த புற்றுநோய் இது என்று எழுதுகிறார். எந்தச் சுரப்பி என்பது அடுத்த கேள்வி. மார்பகத்தில் பிறந்த புற்றணுவும் நுரையீரல், இரைப்பை, சூலகம் ஆகியவற்றில் பிறந்த புற்றணுவும் பிறந்த இடத்தை விட்டு வேறிடத்தில் குடியேறியபின், வழக்கமான ஊதா, இளஞ்சிவப்புச் சாயத்தில் ஒன்றுபோலவே தெரிவதுண்டு. ஆனால் சிகிச்சை ஒன்றல்ல. மார்பகம் என்றால் ஒரு மருந்து வரிசை, நுரையீரல் என்றால் வேறு வரிசை. பிறப்பிடம் தெரியாமல் தொடங்கும் சிகிச்சையில் நோயாளியின் பணம், காலம், உடல் வலு மூன்றும் கரைகின்றன.

இந்தக் கேள்வியோடு வேலூருக்கு வருபவர்கள் பலர். திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், ஆரணி, செய்யாறு, அரக்கோணம் என்று பழைய வட ஆற்காட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். 1989இல் திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமானது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நோய் என்று வந்துவிட்டால் இந்தக் கோடுகளை யாரும் பார்ப்பதில்லை, பஸ் வேலூருக்குத்தான் போகிறது. காட்பாடி சந்திப்பில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து இறங்குபவர்கள் வேறு. பலருடைய பையில் ஒரு சிறு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்குள் கண்ணாடித் தகடுகள் சில, மெழுகுக் கட்டி ஒன்று. ஊரில் எடுத்த திசுவைச் சீவி ஒட்டிய ஸ்லைடும், மெழுகில் பதித்த பிளாக்கும் அவை.

அந்த மெழுகுக் கட்டியிலிருந்து சீவிய மெல்லிய சீவலின்மேல் ஆய்வகம், குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள்கள் சிலவற்றை ஊற்றிப் பார்க்கிறது. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற நீண்ட பெயரைச் சுருக்கி ஐ.எச்.சி. என்பார்கள். அறிக்கையில் 'மம்மாகுளோபின்: பாசிட்டிவ்' என்று ஒரு வரி வந்தால், திசு மார்பகத்தில் பிறந்தது என்ற எண்ணம் வலுப்படும். நோயாளியின் குடும்பம் அந்த வரியைப் பெரும்பாலும் கடந்துபோய்விடும். 'நெகட்டிவ்' என்று இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. அந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை. இந்தச் சோதனை, புற்றுநோய் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. குறிப்பிட்ட ஒரு புரதம் இந்த அணுக்களில் இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது.

மம்மாகுளோபின் மிகச் சிறிய புரதம், 93 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் வாட்சனும் திமோத்தி ஃபிளெமிங்கும், மார்பகப் புற்றுக் கட்டியில் மிகுந்தும் இயல்பான திசுவில் குறைந்தும் வேலை செய்யும் மரபணுக்களைத் தேடும்போது இதைக் கண்டெடுத்தார்கள். 1996இல் இதை முழுமையாக விவரித்தார்கள். செக்ரட்டோகுளோபின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது இது. சுரப்பி அணுக்கள் உருவாக்கி வெளியே விடும் சிறு புரதங்களின் குடும்பம் அது. மார்பகத்தின் பால் சுரப்பி அணுக்கள் இதை இயல்பாகவே உருவாக்குகின்றன, அவற்றிலிருந்து பிறக்கும் புற்றணுக்களில் பலவும் அந்த வழக்கத்தை விடுவதில்லை. கல்லீரலுக்குப் போனாலும், எலும்புக்குள் புகுந்தாலும், நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரில் மிதந்தாலும் இதை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. அடையாளப் புரதமாக இது பயன்படுவது இதனால்தான்.

அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை எப்படி உருவாக்குகிறார்கள்? நம் உடலுக்குள் கிருமி நுழைந்தால் அதன் புறப்பரப்பிலுள்ள ஒரு சிறு பகுதியை இனங்கண்டு ஒட்டும் எதிர்ப்பொருள்களை வெள்ளணுக்கள் உருவாக்குகின்றன. சுண்டெலிக்கோ முயலுக்கோ மம்மாகுளோபினைச் செலுத்தினால் அதன் உடலும் அப்படியே செய்யும். பல்வேறு வெள்ளணுக்கள் பல்வேறு எதிர்ப்பொருள்களை உருவாக்குவதால், விலங்கின் இரத்தத்தில் கிடைப்பது ஒரு கலவை. ஒரு விலங்கு இறந்து அடுத்த விலங்குக்கு மாறினால் கலவையும் மாறிவிடும். 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் இதற்கு வழி கண்டார்கள். எதிர்ப்பொருளை உருவாக்கும் ஒற்றை வெள்ளணுவை, சாகாமல் பெருகிக்கொண்டே போகும் மைலோமா புற்றணுவோடு இணைத்தார்கள். இணைந்து பிறந்த அணு இரண்டின் குணத்தையும் பெற்றது. ஒரே எதிர்ப்பொருளை, எவ்வளவு வேண்டுமானாலும், ஆண்டுக்கணக்கில் உருவாக்கும். ஓர் அணுவின் வழித்தோன்றல்கள் என்பதால் அந்தக் கூட்டத்துக்கு 'குளோன்' என்று பெயர். 1984இல் இருவருக்கும், நீல்ஸ் ஜெர்னேயோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது.

மம்மாகுளோபினுக்கு ஆய்வகங்கள் அதிகம் பயன்படுத்தும் குளோன்கள் 304-1ஏ5, 31ஏ5 ஆகியவை. முதலாவது சுண்டெலி எதிர்ப்பொருள், இரண்டாவது முயல் எதிர்ப்பொருள். இந்த எண்களைச் சலிப்பூட்டும் குறியீடு என்று ஒதுக்க முடியாது. ஒரே புரதத்தின் வெவ்வேறு பகுதியைப் பிடிக்கும் இரண்டு குளோன்கள் ஒரே திசுவில் வெவ்வேறு வலுவில் நிறம் காட்டலாம். எந்தக் குளோன் என்று அறிக்கையில் எழுதியிருந்தால், அந்த ஆய்வகம் தன் வேலையை மதிக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்.

இனி ஸ்லைடில் நடப்பது. மெழுகுக் கட்டியிலிருந்து 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவல் எடுக்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீவலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிடிப்புள்ள கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சூட்டில் ஒட்டவைக்கிறார்கள். சைலீனில் மெழுகைக் கரைத்து, ஆல்கஹால் வழியே தண்ணீருக்குக் கொண்டுவருகிறார்கள். அடுத்த படிதான் நுட்பமானது. திசுவைப் பதப்படுத்த முதலில் பயன்படுத்திய ஃபார்மலின், புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறது. எதிர்ப்பொருள் தேடும் பகுதி அந்தப் பிணைப்புக்குள் மறைந்து கிடக்கும். நீண்ட காலம் இதுவே பெரிய தடையாக இருந்தது. 1991இல் ஷான்-ராங் ஷியும் அவரது குழுவினரும் ஸ்லைடை நீர்மத்தில் மூழ்கவைத்து மைக்ரோவேவ் அடுப்பில் சூடேற்றினால் மறைந்த பகுதிகள் மீண்டும் வெளிப்படுகின்றன என்று காட்டினார்கள். அதற்குமுன் ஃபார்மலினில் கிடந்த திசுவில் தேட முடியாத பல புரதங்கள் அதற்குப்பின் தேடக் கிடைத்தன. இன்று பெரிய ஆய்வகங்களில் இயந்திரமே இதைச் செய்கிறது. இந்தியாவின் நடுத்தர ஆய்வகங்கள் பலவற்றில் இந்த வேலையைச் செய்வது வீட்டில் சோறு வடிக்கும் அதே பிரஷர் குக்கர்தான். அதில் குறை ஒன்றும் இல்லை. நீர்மத்தின் அமிலத்தன்மை, சூடு, நேரம் மூன்றும் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருந்தால் குக்கர் நல்ல கருவியே.

பிறகு எதிர்ப்பொருளை ஊற்றி அரைமணி முதல் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். மம்மாகுளோபின் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். ஒட்டியது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முதல் எதிர்ப்பொருளையே இனங்கண்டு பிடிக்கும் இரண்டாவது எதிர்ப்பொருள் ஒன்றை, பெராக்சிடேஸ் என்ற நொதியோடு இணைத்து அனுப்புகிறார்கள். அந்த நொதியிடம் டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் பழுப்பு நிறப் படிவு உண்டாகும். கடைசியாக ஹெமடாக்சிலின் என்ற நீலச் சாயம், அணுக்களின் உட்கருவைக் காட்ட. எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்துப் பார்க்கும் வழியை ஆல்பர்ட் கூன்ஸ் 1940களின் தொடக்கத்தில் உருவாக்கினார். சாயத்துக்குப் பதில் நொதியை இணைத்தால் சாதாரண நுண்ணோக்கியே போதும் என்று நகானேயும் பியர்ஸும் 1960களில் காட்டினார்கள். வேலூரில் இன்று காலை ஒரு மருத்துவர் பார்க்கும் பழுப்பு நிறத்துக்குப் பின்னால் இவ்வளவு பேருடைய உழைப்பு இருக்கிறது.

நிறம் வந்தால் மட்டும் போதாது, எங்கே வந்தது என்பதும் முக்கியம். மம்மாகுளோபின் அணுவின் உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருக்கும் புரதம். உட்கருவில் மட்டும் பழுப்பு தெரிந்தால் அது பிழை. இதே முறையில் தேடும் வேறு புரதங்களில், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உட்கருவில் தெரியவேண்டும், சில மார்பகப் புற்றணுக்களில் மிகுந்திருக்கும் ஹெர்2 அணுவின் வெளிச் சவ்வைச் சுற்றிக் கோடாகத் தெரியவேண்டும். பயின்ற கண் முதலில் பார்ப்பது இதைத்தான். அடுத்துப் பார்ப்பது, உடன் வைத்திருக்கும் ஒப்பீட்டுத் திசுவை. மம்மாகுளோபின் நிச்சயம் இருக்கிறது என்று முன்பே தெரிந்த மார்பகத் திசு ஒன்றும், நிச்சயம் இல்லாத திசு ஒன்றும் அதே நாளில் அதே முறையில் சோதனைக்கு உட்பட்டிருக்க வேண்டும். முதலாவதில் நிறம் வராமல் போனாலோ, இரண்டாவதில் வந்துவிட்டாலோ, அன்றைய நோயாளிகளின் முடிவு எதையும் வெளியே விடக்கூடாது.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் மம்மாகுளோபின் எல்லா மார்பகப் புற்றுநோயையும் பிடிப்பதில்லை. வெளியான ஆய்வுகளில் பாதியிலிருந்து எண்பது சதவீதம் வரைதான் பாசிட்டிவாகின்றன. மறுபுறம், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களில் சிலவும், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் ஒரு வகையும், வியர்வைச் சுரப்பிக் கட்டிகளில் சிலவும் இதே நிறத்தைக் காட்டும். எனவே நெகட்டிவ் வந்தால் மார்பகம் இல்லை என்றும், பாசிட்டிவ் வந்தால் மார்பகமே என்றும் முடிவுகட்ட முடியாது. இதனால் நோயியல் மருத்துவர்கள் ஒரே எதிர்ப்பொருளை நம்புவதில்லை, சிலவற்றைச் சேர்த்தே கேட்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் மூத்தது ஜி.சி.டி.எஃப்.பி.-15. மார்பக நீர்க்கட்டிகளில் தேங்கும் நீரில் 1970களில் கண்டறிந்த புரதம், எடை 15 கிலோடால்டன். நம்பகமானது, ஆனால் பிடிக்கும் அளவு மம்மாகுளோபினைவிடவும் குறைவு. அடுத்து வந்தது காட்டா3. உட்கருவில் இருக்கும் இந்தப் புரதம் ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்கள் ஏறக்குறைய அனைத்திலும் தெரியும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலும் தெரியும் என்பதால் அந்த வாய்ப்பைத் தனியே விலக்க வேண்டியிருக்கும்.

நம் பகுதிக்கு மிகவும் முக்கியமான சிக்கல் இங்கே வருகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 மூன்றும் இல்லாத மார்பகப் புற்றுநோயை டிரிபிள் நெகட்டிவ் என்கிறார்கள். இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் இதன் பங்கை ஏறக்குறைய 30 சதவீதம் என்கிறார்கள், மேலை நாடுகளில் இது அதில் பாதி அளவே. இந்த வகையில் மம்மாகுளோபின் மிகவும் குறைவாகவே தெரியும், காட்டா3உம் பலவீனமாகிறது. வேறு ஊரின் நோயாளிகளை வைத்துத் தேர்ந்த எதிர்ப்பொருள், நம் ஊர்ப் பெண்களில் பலரிடம் வாய் திறக்காது என்று பொருள். 2021இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தின் ஆய்வாளர்கள் டி.ஆர்.பி.எஸ்.1 என்ற புரதத்தைப் பற்றி எழுதினார்கள். டிரிபிள் நெகட்டிவ் கட்டிகளில் வழக்கமான வகையில் அது 86 சதவீதத்திலும், காட்டா3 வெறும் 51 சதவீதத்திலும் தெரிந்தது. அதன்பின் வந்த ஆய்வுகள் வேறு சில உறுப்புக் கட்டிகளிலும் டி.ஆர்.பி.எஸ்.1 இருப்பதைக் காட்டியதால் முதல் உற்சாகம் சற்று அடங்கியது. ஆனாலும் இந்தியாவில் ஐ.எச்.சி. செய்யும் ஒவ்வோர் ஆய்வகத்தின் குளிர்பெட்டியிலும் இது இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிறப்பிடம் சொல்லும் எதிர்ப்பொருள்களையும் சிகிச்சையைத் தீர்மானிக்கும் எதிர்ப்பொருள்களையும் ஒன்றாக எண்ணிக் குழம்பக்கூடாது. மம்மாகுளோபின் பாசிட்டிவ் என்பதற்காக எந்த மருந்தும் கொடுப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஒரு சதவீத அணுக்களில் தெரிந்தாலே பாசிட்டிவ், ஹார்மோன் மாத்திரைக்கு வழி உண்டு. ஹெர்2 நிறத்தின் வலுவைப் பிளஸ்களில் சொல்வார்கள்: மூன்று பிளஸ் என்றால் ஹெர்2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசிக்கு இடம் உண்டு, இரண்டு பிளஸ் என்றால் மரபணு எண்ணிக்கையை ஃபிஷ் என்ற சோதனையில் பார்க்கவேண்டும். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப்பும் ஓர் எதிர்ப்பொருள்தான். கண்டறியும் கருவியும் மருந்தும் ஒரே குலம். 2014இல் பெங்களூருவின் பயோகான் நிறுவனம் அதன் மாற்று வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் விலை இறங்கத் தொடங்கியது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆய்வகத்தின் வேலை. ஆனால் பழுப்பு நிறம் வருமா வராதா என்பது பல வேளைகளில் ஆய்வகத்துக்குத் திசு வருவதற்கு முன்பே, சிறிய ஊரின் அறுவை அரங்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் மிக முக்கியமானதாக நான் கருதுவது இதைத்தான்.

உடலிலிருந்து வெட்டி எடுத்த நொடியிலிருந்து திசுவுக்கு இரத்த ஓட்டம் இல்லை. அணுக்கள் தம் புரதங்களைத் தாமே சிதைக்கத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போடவேண்டும் என்பது மார்பகத் திசுவுக்கான சர்வதேச வழிகாட்டுதல். 10 சதவீத நடுநிலை ஃபார்மலின், திசுவின் கன அளவைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு, குறைந்தது 6 மணி நேரம், கூடினால் 72 மணி நேரம். நடப்பது பெரும்பாலும் வேறு. அறுவை முடிந்து, உறவினரை அழைத்துக் கட்டியைக் காட்டி, பிறகு கைக்குக் கிடைத்த சிறிய புட்டியில் திணித்துக் கொடுப்பார்கள். புட்டியின் வாய் சிறியது, திசு பெரியது, நீர்மம் அதை மூடுமளவுக்குக்கூட இல்லை. சில இடங்களில் ஃபார்மலினுக்குப் பதில் சலைன், சில இடங்களில் ஸ்பிரிட். கடையில் வாங்கிய அடர் ஃபார்மலினைக் கலக்காமல் ஊற்றுவதும் உண்டு.

ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். பெரிய கட்டியை வெட்டாமல் முழுதாகப் போட்டால் வெளிப்புறம் பதமாகும், நடுப்பகுதி அழுகும். முழு மாங்காயை வெட்டாமல் உப்பில் போட்டால் தோல் உப்பாகி நடு பச்சையாகவே கிடப்பது போல. கட்டியை அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரையிலான துண்டங்களாகக் கீறிவிட்டு ஃபார்மலினில் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை. இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாத திசு, ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை மதியம் வேலூர் வந்து சேரும்போது, உலகின் மிகச் சிறந்த குளோனை ஊற்றினாலும் நிறம் வராது. அறிக்கையில் நெகட்டிவ் என்று வரும். அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் மார்பகத்திலிருந்து வரவில்லை என்றோ, ஹார்மோன் மாத்திரை பயன்படாது என்றோ முடிவு போகும். உண்மையில் அந்தப் புரதம் அவர் உடலில் இருந்தது, புட்டியில் செத்துப்போனது.

எலும்பிலிருந்து எடுத்த திசுவுக்கு இன்னொரு இடர். சுண்ணாம்புச் சத்தை நீக்க அமிலத்தில் ஊறவைப்பார்கள். கடுமையான அமிலத்தில் நெடுநேரம் ஊறினால் புரதமும் சிதையும். எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயில் நெகட்டிவ் முடிவு வந்தால், எந்த அமிலம், எவ்வளவு நேரம் என்று கேட்காமல் அதை நம்பக்கூடாது.

இது நம் சிறிய ஊர்களின் குறை மட்டும் என்று எண்ணவேண்டாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் 1997 முதல் 2005 வரை மார்பகப் புற்றுநோயாளிகளுக்குச் செய்த ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளைப் பின்னர் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய 400 பேருக்கு முதல் முடிவு தவறு என்று தெரிந்தது. மாத்திரை பெற்றிருக்கவேண்டிய பெண்கள் அது இல்லாமலேயே ஆண்டுகளைக் கழித்திருந்தார்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை நடந்து 2009இல் அறிக்கை வெளியானது. திசுவைப் பதப்படுத்துவது முதல் ஒப்பீட்டுத் திசு வைப்பது வரை, சீராக மேற்பார்வை இல்லாத ஆய்வகத்தில் பிழைகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் என்பதை அந்த அறிக்கை வரி வரியாகக் காட்டுகிறது. செல்வம் மிக்க, அரசே மருத்துவச் செலவை ஏற்கும் நாட்டில் நடந்தது இது.

திசு சரியாக இருந்து எதிர்ப்பொருளே தவறாக இருந்த கதையும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் இரண்டாவது வகை ஒன்றை 1996இல் கண்டுபிடித்தார்கள், பீட்டா வகை. மார்பகத்தில் அது இருக்கிறதா, அதற்கு மருந்து செய்யலாமா என்று இருபது ஆண்டுகள் ஏராளமான ஆய்வுகள் வெளியாயின, ஒன்றுக்கொன்று முரணாக. 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அதற்காகப் பயன்பட்ட 13 எதிர்ப்பொருள்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒன்றே ஒன்றுதான் அந்தப் புரதத்தைச் சரியாக இனங்கண்டது. அதை வைத்துப் பார்த்தபோது இயல்பான மார்பகத்திலும் மார்பகப் புற்றுநோயிலும் அந்தப் புரதம் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. புட்டியின்மேல் ஒட்டிய பெயரை நம்பி இருபது ஆண்டுகள் எவ்வளவு பேரின் உழைப்பு வீணானது என்று நினைத்தால் மனம் கனக்கிறது. புதிய எதிர்ப்பொருள் ஒன்றை வாங்கியதும் நோயாளிக்குப் பயன்படுத்தாமல், முடிவு தெரிந்த பழைய திசுக்களில் முதலில் சோதித்துப் பார்ப்பது ஏன் கட்டாயம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஒரே குளோனின் அடுத்த தொகுப்பு வந்தாலும் அதே சோதனை.

எதிர்ப்பொருள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டிய பொருள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து, சென்னை விமான நிலையத்தில் இறங்கி, தெர்மோகோல் பெட்டியில் பனிப்பொதியோடு வேலூர் சேர்கிறது. கத்திரி வெயிலில் வேலூரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் என்பது ஊருக்கே தெரியும். பெட்டியைத் திறந்ததும் உள்ளே என்ன வெப்பநிலை என்று பார்த்து எழுதி வைக்கும் பழக்கமும், குளிர்பெட்டிக்கு மின்தடையிலும் நிற்காத இணைப்பும் இல்லாத ஆய்வகம் விலை உயர்ந்த குளோனை வாங்கிப் பயனில்லை.

வேலூருக்கும் எதிர்ப்பொருளுக்குமான உறவு புதிதல்ல. 1986இல் சென்னையில் பாலியல் தொழிலாளிகளிடமிருந்து டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளைச் சோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. அவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்துக்கு வந்தன. எலைசா என்ற இரத்தச் சோதனையில் ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி.க்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது, இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்று நாடு அறிந்தது அப்போதுதான். அங்கே இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைத் தேடினார்கள், மார்பகத் திசுவில் எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தைத் தேடுகிறார்கள். ஒரே பிணைப்பை இரு முனைகளிலிருந்து பார்க்கும் வேலை. நாடெங்கும் உள்ள இரத்த வேதியியல் ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி, வரும் முடிவுகளை ஒப்பிட்டுத் தரத்தைச் சொல்லும் திட்டத்தையும் அதே நிறுவனம் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. ஐ.எச்.சி.க்கும் அப்படி வெளியார் கண்காணிப்புத் திட்டங்கள் உண்டு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்துவது அவற்றில் ஒன்று. நீங்கள் திசுவைக் கொடுக்கும் ஆய்வகம் அப்படி ஏதேனும் ஒன்றில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நல்ல ஆய்வகம் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

1900இல் அந்த நிறுவனத்தின் நிறுவனர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் வேலையைத் தொடங்கியது, ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாத பெண்களுக்காக. மார்பில் கட்டியைச் சொல்லக் கூசி மாதக்கணக்கில் மறைக்கும் பெண்கள் இன்றும் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தைத் தாண்டி ஒரு பெண் அறுவைக்கு ஒப்புக்கொண்டு கொடுக்கும் திசு அது. அதை ஃபார்மலின் போதாத புட்டியில் திணிப்பதை என்னால் சிறு கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓர் ஆண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வருகிறது. வட ஆற்காட்டின் ஒவ்வொரு சிறு மருத்துவமனையின் அறுவை அரங்கிலும் அகன்ற வாய்ப் புட்டிகளும், சரியாகக் கலந்த ஃபார்மலினும், வெட்டிய நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் எழுத ஒரு சீட்டும் இருந்தால், எந்தப் புதிய இயந்திரமும் வாங்காமலேயே பல அறிக்கைகள் சரியாகும்.

அறுவைக்குப் போகும் குடும்பம் முன்கூட்டியே செய்யக்கூடியதும் உண்டு. திசுவை எங்கே அனுப்புவீர்கள், எதில் போட்டு அனுப்புவீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்துப்போகும் பொறுப்பு உங்களுடையது என்றால் அன்றே எடுத்துப்போங்கள், ஞாயிறு கழியட்டும் என்று வைக்காதீர்கள். மம்மாகுளோபினோ ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோ எதிர்பாராமல் நெகட்டிவ் என்று வந்தால், அதே பிளாக்கில் இயல்பான மார்பகத் திசு இருந்ததா, அதில் நிறம் வந்ததா என்று கேளுங்கள். அதிலும் வரவில்லை என்றால் பிழை பெரும்பாலும் திசுவைப் பதப்படுத்தியதில் இருக்கிறது, வேறு பிளாக்கிலோ புதிய பயாப்ஸியிலோ திரும்பப் பார்க்கவேண்டும்.

சிகிச்சை முடிந்தபின்னும் பிளாக்கைத் தொலைத்துவிடாதீர்கள். ஹெர்2 ஒரு பிளஸ் என்றால் நெகட்டிவ் என்று எழுதி மூடிவைத்த காலம் இருந்தது. 2022க்குப் பின், பரவிய நோயில் அந்த ஒரு பிளஸ் உள்ளவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்து பயன்படும் என்று தெரிந்து, பழைய பிளாக்குகளை எடுத்துத் திரும்பப் படிக்கிறார்கள். மெழுகில் இருக்கும் திசு பல ஆண்டுகள் கழித்தும் புதிய எதிர்ப்பொருளுக்குப் பதில் சொல்லும். பிளாக்கை ஆய்வகத்திலிருந்து வாங்கும்போது அதன் மேலுள்ள எண் அறிக்கையின் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்து, கையெழுத்திட்டு வாங்குங்கள். மெழுகு 60 டிகிரிக்கு அருகில் உருகும் என்பதால், மே மாத வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் நிழலான, உலர்ந்த அலமாரியில், அறிக்கையின் நகலோடு சேர்த்து வையுங்கள்.